கல்வியின் பெயரால் பிறந்த வரி

1937ஆம் ஆண்டு, கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் கடைக்காரர்கள் பொருளின் விலையோடு நூற்றுக்கு இரண்டு சேர்த்து வாங்கத் தொடங்கினார்கள். அந்த வரிக்குச் சட்டத்தில் வைத்த பெயரே ‘கல்வி வரி’தான். உலகப் பொருளாதார வீழ்ச்சியும் விடாத வறட்சியும் சேர்ந்து அந்தக் கோதுமைச் சீமையை நொறுக்கிப்போட்டிருந்த காலம் அது. 1928இல் 478 டாலராக இருந்த தலா வருமானம் 1933இல் 135 டாலருக்கு இறங்கியது. நிலவரி கட்ட விவசாயியிடம் காசில்லை. நிலவரியை நம்பியிருந்த கிராமப் பள்ளி வாரியங்களிடம் ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை. ஓராசிரியர் பள்ளிகளில் வேலைபார்த்த எத்தனையோ பேர் சம்பளத்துக்குப் பதில் கடன்சீட்டு வாங்கிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளிகள் மூடப்படாமல் இருக்க மாகாண அரசு தேடிய வழிதான் விற்பனை வரி.

ஆசிரியர்கள் அந்தக் காலத்திலேயே ஒரு குடையின் கீழ் திரண்டார்கள். சஸ்காட்செவன் ஆசிரியர் கூட்டமைப்பு உருவானது. 1935இல் வந்த சட்டம் மாகாணத்தின் ஆசிரியர்களை அதன் உறுப்பினர்களாக்கியது. வரியோ நாளடைவில் வேறு சுமைகளையும் தூக்கத் தொடங்கியது. 1950இல் மருத்துவமனைச் செலவுக்காக 3 சதவீதமானது. பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்த 1962இல் 5 சதவீதமானது. 1990களில் 9 வரை போய், 2006இல் மீண்டும் 5க்கு வந்தது. கல்விக்கென்று பிறந்த பணம் இதற்குள் அரசின் பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டிருந்தது. பெயரிலிருந்தும் கல்வி மறைந்து, இன்று அது வெறும் ‘மாகாண விற்பனை வரி’, சுருக்கமாக பி.எஸ்.டி.

இப்படிப்பட்ட விற்பனை வரிகள் மாறும்போதெல்லாம் ஆசிரியர்களுக்கு என்ன ஆகிறது என்பதே இங்கே கேள்வி. வழக்கமாக விவாதம் கடைச் சீட்டோடு நின்றுவிடுகிறது: சதவீதம் எவ்வளவு ஏறியது, வீட்டுச் செலவு எவ்வளவு கூடியது என்று கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். 2010 முதல் மூன்று மாகாணங்களில் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. ஆசிரியரின் பணப்பையில் விழுகிற நேரடி அடி பெரும்பாலும் சிறியது. பள்ளியின் பட்ஜெட் வழியாகவும் சம்பளப் பேச்சுவார்த்தை வழியாகவும் சுற்றி வருகிற அடிதான் பெரியது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கனடாவின் வரி அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991 ஜனவரி முதல் நாடு முழுவதும் மத்திய அரசின் ஜி.எஸ்.டி. உண்டு; 7 சதவீதத்தில் தொடங்கி இப்போது 5. அதற்கு மேல் ஒவ்வொரு மாகாணமும் தன் விருப்பப்படி வசூலிக்கிறது. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரியே கிடையாது. சஸ்காட்செவன், மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகியவை தனியாக பி.எஸ்.டி. வாங்குகின்றன. கியூபெக் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. ஒன்டாரியோவும் அட்லான்டிக் கரை மாகாணங்களும் தங்கள் வரியை மத்திய வரியோடு சேர்த்து ஒரே வரியாக்கிவிட்டன, அதுதான் எச்.எஸ்.டி. என்கிற ஒருங்கிணைந்த விற்பனை வரி.

இதில் பள்ளிக்கூடத்தின் நிலை விசித்திரமானது. கல்விக்கு ‘வரிவிலக்கு’ உண்டு என்று கேட்டதும் நல்ல செய்தி போலத் தோன்றும். ஜி.எஸ்.டி. முறையில் ஒரு தொழிற்சாலை தான் வாங்கும் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். காரணம், தான் விற்கும் பொருளுக்கு அது வரி வசூலித்துக் கொடுக்கிறது. பள்ளி யாரிடமும் வரி வசூலிப்பதில்லை. ஆகவே தான் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அதற்கு இல்லை. விலக்கு மாணவனுக்குத்தான், பள்ளி வாங்கும் மேசை நாற்காலிக்கும் கூரை ஓட்டுக்கும் இல்லை. இதை ஓரளவு சரிக்கட்டவே, பள்ளி வாரியங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் 68 சதவீதத்தை மத்திய அரசு திருப்பித் தருகிறது. மாகாண அரசும் தன் பங்கில் திருப்பித் தருமா, எவ்வளவு தரும் என்பதுதான் ஒவ்வொரு வரி மாற்றத்திலும் பள்ளியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

2010 ஜூலை 1ஆம் தேதி ஒன்டாரியோவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஒரே நாளில் எச்.எஸ்.டி.க்கு மாறின. ஒன்டாரியோவில் 13 சதவீதம், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 12. மாறுவதற்கு உதவியாக மத்திய அரசு ஒன்டாரியோவுக்கு 430 கோடி டாலரும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ஏறத்தாழ 160 கோடி டாலரும் தருவதாக ஒப்புக்கொண்டது. பெரும்பாலான பொருள்களைப் பொறுத்தவரை கடையில் எதுவும் மாறவில்லை. ஒன்டாரியோவில் முன்பு 5ம் 8ம் தனித்தனியே கட்டியவர்கள் இப்போது 13ஆகச் சேர்த்துக் கட்டினார்கள். மாறியது சேவைகளின் விலை. முடிவெட்டுவது, இணைய இணைப்பு, வீட்டுப் பழுது என்று அதுவரை மாகாண வரி தொடாதவற்றின் மீதெல்லாம் வரி ஏறியது. ஒன்டாரியோவில் மின்சாரமும் பெட்ரோலும் இதில் அகப்பட்டன. நாள்தோறும் காரில் வெகுதூரம் போய்வரும் கிராமப்புற ஆசிரியருக்கு பெட்ரோல் வரி உறைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாகன எரிபொருளுக்கு மாகாணப் பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அதுவரை மாகாண வரி இல்லாதிருந்த மாணவர்களின் எழுதுபொருள்கள் வரிக்குள் வந்தன.

ஆசிரியர் என்றதும் அரசுப் பள்ளி ஆசிரியரை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் நடனமும் யோகாவும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆண்டு வரவு 30,000 டாலருக்குள் இருந்தால் அவர்கள் வரி வசூலிக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால், பள்ளிப் பாடத்திட்டத்தைத் தழுவாத வகுப்புகளுக்கு முழு வரியையும் கட்டணத்தோடு சேர்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 ஜூன் வரை 5 சதவீதம் வாங்கியவர் ஜூலையில் 12 வாங்கவேண்டி வந்தது. கட்டணத்தை உயர்த்தினால் பிள்ளைகள் குறைவார்கள். உயர்த்தாவிட்டால் வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். இவர்களுக்காகப் பேசச் சங்கமும் கிடையாது.

ஒன்டாரியோ பள்ளி வாரியங்களுக்குக் கிடைத்ததோ தாராளமான சலுகை. மாகாணப் பங்கான 8 சதவீதத்தில் 93 சதவீதத்தை அரசு திருப்பிக் கொடுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இது 87 சதவீதம். பள்ளித் துறை முன்பு எவ்வளவு வரி கட்டியதோ, மொத்தத்தில் அதே அளவுதான் இனியும் கட்ட வேண்டும் என்பது இந்த விகிதங்களுக்குப் பின்னால் இருந்த கணக்கு. அதை நான் குறை சொல்லமாட்டேன். வாரியங்களின் பட்ஜெட் இதனால்தான் தப்பியது.

ஆனால் அந்தச் சலுகை வாரியத்தின் வாசலோடு நின்றது. ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். வாரியம் 100 டாலருக்கு வரைபடத் தாளும் வண்ணப் பென்சிலும் வாங்குகிறது. கடையில் 13 டாலர் வரி கட்டுகிறது. மத்தியப் பங்கான 5 டாலரில் 3 டாலர் 40 சென்டும், மாகாணப் பங்கான 8 டாலரில் 7 டாலர் 44 சென்டும் அதற்குத் திரும்பி வரும். ஆக, கடைசியில் அது கட்டும் வரி 2 டாலர் 16 சென்ட். அதே பொருளை அதே வகுப்பறைக்காக, ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கும் முன் ஒரு முதல் வகுப்பு ஆசிரியை தன் பணத்தில் வாங்கினால் அவர் கட்டுவது முழுசாக 13 டாலர். அதில் ஒரு சென்ட்கூடத் திரும்பாது. கதைப் புத்தகமாக இருந்தால் 5 டாலரோடு தப்பிக்கலாம். அச்சுப் புத்தகங்களுக்கு மாகாணப் பங்கைக் கடையிலேயே கழித்துவிடுவார்கள். பசை, அட்டை, பரிசாக ஒட்டும் நட்சத்திர வில்லை, சாப்பாடு மறந்து வரும் குழந்தைக்காக மேசை இழுப்பறையில் எடுத்துவைக்கும் பலகாரப் பொட்டலம் என்று பட்டியல் நீளும். ஒரே வகுப்பறை, ஒரே குழந்தைகள், ஒரே பென்சில். வாங்கியது யார் என்பதைப் பொறுத்து வரி ஆறு மடங்கு. இதை நியாயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மத்திய அரசுக்கு இது உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. 2016 முதல், ஆசிரியர்கள் தம் சொந்தக் காசில் வகுப்பறைக்கு வாங்கும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை கணக்குக் காட்டி, அதில் 15 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றானது. 2021இலிருந்து அது 25 சதவீதம். மேலே சொன்ன 113 டாலர் செலவில் 28 டாலர் 25 சென்ட் இப்படித் திரும்பும். விற்பனை வரியைவிட இரு மடங்குக்கும் மேல் வருகிறதே என்று மகிழலாம். ஆனால் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வரித்துறை கேட்டால் பள்ளியிடம் சான்றுக் கடிதம் வாங்கித் தர வேண்டும். பணம் அடுத்த வசந்த காலத்தில்தான் கைக்கு வரும். அதோடு, மிச்சமுள்ள 85 டாலர் ஆசிரியையின் செலவாகவே நிற்கிறது. வகுப்பறைக்கு வேண்டியதை ஆசிரியர் வாங்குவதையே இந்தச் சலுகை இயல்பான ஏற்பாடாக ஆக்கிவிடுகிறது என்பது என் வருத்தம். பொதுப் பள்ளியில் பசை வாங்குவது பொதுப் பணத்தின் வேலை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கதை அரசியலாக வெடித்தது. 2009 மே மாதத் தேர்தலில் வென்ற முதல்வர் கோர்டன் கேம்பெல் அரசு ஜூலையில் எச்.எஸ்.டி.யை அறிவித்ததும் மக்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். முன்னாள் முதல்வர் பில் வாண்டர் சாம் தலைமையில் கையெழுத்து இயக்கம் நடந்தது; சரிபார்க்கப்பட்ட கையெழுத்துகள் மட்டுமே ஐந்தரை லட்சத்துக்கும் மேல். 2010 நவம்பரில் கேம்பெல் பதவி விலகுவதாக அறிவித்தார். 2011இல் அஞ்சல் வழி நடந்த வாக்கெடுப்பில் 54.73 சதவீதம் பேர் வரியை ஒழிக்கச் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 1இல் பழைய பி.எஸ்.டி. திரும்பி வந்தது. மாணவர்களின் எழுதுபொருள்களுக்கு மீண்டும் விலக்கு வந்தது.

வெற்றி என்றுதான் பலர் கொண்டாடினார்கள். ஆனால் மத்திய அரசு தந்த 160 கோடி டாலரை மாகாணம் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அதன் சுமை 2011-12 நிதியாண்டுக் கணக்கில் ஏறியது. அதே 2011இல்தான் ஆசிரியர்களின் சம்பள ஒப்பந்தமும் முடிந்தது. அரசு ஊழியர் யாருக்கும் கூடுதல் செலவு வைக்கிற உயர்வு கிடையாது என்ற ‘நிகரப் பூஜ்ய’ நிபந்தனையோடு அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில், வகுப்பின் அளவையும் வகுப்பில் சேர்க்கப்படும் மாணவர்களின் தேவைகளையும் பற்றிப் பேரம் பேசும் உரிமையை 2002இல் ஆசிரியர்களிடமிருந்து பறித்த சட்டங்கள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆசிரியர்கள் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வழக்கு மேல்முறையீடுகளில் இழுபட்டு, 2016 நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்ற பிறகே முடிந்தது.

எச்.எஸ்.டி. தோற்றதால்தான் ஆசிரியருக்குச் சம்பளம் உயரவில்லை என்று நான் சொல்லவில்லை. ‘நிகரப் பூஜ்ய’ நிபந்தனை வாக்கெடுப்புக்கு முன்பே இருந்தது. ஆனால் கருவூலத்தில் 160 கோடி ஓட்டை விழுந்த ஆண்டில், கொடுக்கப் பணமில்லை என்று சொல்வது எந்த அரசுக்கும் எளிது. வரியை ஒழிக்க வாக்களித்த ஆசிரியர் கடையில் சில டாலர்களை மிச்சப்படுத்தினார். பேச்சுவார்த்தை மேசையில் அவருடைய பிரதிநிதிகள் காலி கஜானாவை எதிர்கொண்டார்கள்.

ஒன்டாரியோவில் இன்னொரு விதம். அங்கே 2008இல் தொடங்கிய ஆசிரியர் ஒப்பந்தங்கள் 2012 ஆகஸ்ட் வரை நீண்டன. நடுவில் எச்.எஸ்.டி. வந்து சேவைகளின் விலையை ஒரே நாளில் தூக்கியது. சம்பளத்தில் கிடைத்ததோ முன்கூட்டியே நிர்ணயித்த உயர்வுதான். வரிக்காக அதை மறுபடி திறக்க வழியில்லை. குடும்பங்களுக்கு மூன்று தவணையாக 1,000 டாலர் வரை ஈட்டுத் தொகை அனுப்பினார்கள். அது ஒருமுறைப் பணம்; வரியோ ஆண்டுதோறும். ஒப்பந்தம் முடிந்த 2012 செப்டம்பரில் ஊதியத்தை உறையவைக்கும் 115ஆம் எண் மசோதா வந்தது. அதைப் பின்னாளில் நீதிமன்றம் உரிமை மீறல் என்றது.



வரி மாறும்போது ஆசிரியருக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி முழு உருவத்தோடு தெரிவது, கல்வி வரி பிறந்த அதே சஸ்காட்செவனில், எண்பது ஆண்டுகள் கழித்து. எண்ணெய் விலையும் பொட்டாஷ் விலையும் சரிந்ததில் 2016-17இல் மாகாணத்தின் பற்றாக்குறை 130 கோடி டாலரை எட்டும் என்று மதிப்பிடப்பட்டது. 2017 மார்ச் 22 அன்று முதல்வர் பிராட் வாலின் அரசு தாக்கல் செய்த பட்ஜெட், மறுநாளே பி.எஸ்.டி.யை 5லிருந்து 6ஆக்கியது. அதைவிட முக்கியமாக, வரியின் வலையை விரித்தது. குழந்தைகளின் உடைகள், உணவகச் சாப்பாடு, கட்டுமானப் பணிகள், ஆகஸ்ட் முதல் காப்பீட்டு பிரீமியங்கள் என்று இதுவரை வெளியே இருந்தவை உள்ளே வந்தன. அதே பட்ஜெட்டில் பள்ளிப் பிரிவுகளின், அதாவது அங்குள்ள பள்ளி வாரியங்களின், நடைமுறைச் செலவுக்கான மானியம் 5 கோடியே 42 லட்சம் டாலர் குறைந்தது. பொதுத்துறை ஊழியர் அனைவரின் ஊதியச் செலவும் 3.5 சதவீதம் குறைய வேண்டும் என்றும் அரசு கேட்டது.

ஓர் ஆசிரியக் குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 80,000 டாலர், இரண்டு குழந்தைகள். ஏற்கெனவே வரி உள்ள பொருள்களுக்கு 20,000 டாலர் செலவென்றால் ஒரு சதவீத உயர்வு 200 டாலர். குழந்தைகளின் உடை, வெளிச்சாப்பாடு, வீட்டுக்கும் காருக்கும் காப்பீடு என்று புதிதாக வரிக்குள் வந்தவற்றுக்கு 5,000 டாலர் போனால் இன்னொரு 300. இருபுறமும் நேர்மையாகப் பார்க்க வேண்டுமானால், அரசு வருமான வரியை அரை சதவீதப் புள்ளி குறைத்ததையும் சேர்க்க வேண்டும்; இந்தக் குடும்பத்துக்கு அது ஏறத்தாழ 320 டாலர் மிச்சம். ஆக நிகர இழப்பு 180 டாலர் அளவில். குறைந்த சம்பளத்தில் தொடங்கும் இளம் ஆசிரியருக்கு வருமான வரிச் சலுகை சுருங்கும்; செலவு அதே அளவென்றால் இழப்பு கூடும். இப்போது 3.5 சதவீதக் கோரிக்கையை வைத்துப் பாருங்கள்: 80,000இல் அது 2,800 டாலர். அந்தக் கோரிக்கை பிறகு கைவிடப்பட்டது என்றாலும், எது பெரிய அபாயம் என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

காப்பீட்டு வரியில்தான் எதிர்ப்பு பலித்தது. குழு ஆயுள் காப்பீடு, நோயில் படுத்தால் வருமானத்தை ஈடுகட்டும் காப்பு, பல், கண் சிகிச்சைத் திட்டங்கள் ஆகியவை கனடிய ஆசிரியருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதி போலத்தான். ஊதிய உயர்வை விட்டுக்கொடுத்துப் பெற்றவை பல. அவற்றின் பிரீமியத்தில் 6 சதவீதம் என்பது பேரம் பேசி வாங்கியதில் ஒரு பங்கை அரசு திரும்ப எடுத்துக்கொள்வதாகும். ஓய்வு பெற்றவர்களுக்கு இன்னும் கடுமை. அவர்களுக்குப் பேரம் பேச மேசையே இல்லை. ஸ்காட் மோ முதல்வரானதும், 2018 பிப்ரவரியில், ஆயுள், உடல்நல, ஊனக் காப்பீடுகளுக்கும் வேளாண் காப்பீட்டுக்கும் முந்தைய ஆகஸ்ட் முதலே செல்லும்படி விலக்கைத் திருப்பித் தந்தார்கள். ஒன்டாரியோவில் குழுக் காப்பீட்டு பிரீமியத்தின் மீது 8 சதவீத வரி இன்றும் இருக்கிறது. பழகிப்போனதால் யாரும் பேசுவதில்லை.

கட்டுமான வரிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. முன்பு ஒப்பந்ததாரர் தான் வாங்கும் பொருள்களுக்கு மட்டும் வரி கட்டினார், கூலிக்கு வரியில்லை. இப்போது பொருளும் கூலியும் சேர்ந்த மொத்த ஒப்பந்தத் தொகைக்கும் 6 சதவீதம். பத்து லட்சம் டாலரில் ஒரு பள்ளிக்குக் கூரை மாற்றுகிறார்கள், அதில் பாதி பொருள் என்று கொள்வோம். பழைய முறையில் வரி 25,000 டாலர். புதிய முறையில் 60,000. ஒன்டாரியோவில் நடப்பதுபோல இதில் 93 சதவீதம் திரும்பி வராது. சஸ்காட்செவனில் பள்ளிக்கு மாகாணப் பங்கிலிருந்து இப்படிப்பட்ட திருப்பித்தரல் இல்லை.

பள்ளிப் பிரிவு இந்தக் கூடுதல் பணத்துக்கு எங்கே போகும்? 2009க்கு முன்பு என்றால் உள்ளூர் சொத்து வரி விகிதத்தைச் சற்று ஏற்றியிருக்கும். அந்த ஆண்டில் மாகாண அரசு கல்விச் சொத்து வரியை நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. நிலவரி உயர்ந்துகொண்டே போகிறது என்ற விவசாயிகளின் மனக்குறைக்கு அது பதிலாக இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் விளைவு என்னவென்றால், பள்ளிப் பிரிவுகளுக்குச் சொந்தமாக வருமானம் திரட்டும் வழி அடைபட்டது. மாகாணம் தரும் பராமரிப்பு நிதிக்குள்தான் கொதிகலனும் ஜன்னலும் கூரையும் அடங்க வேண்டும். அந்த நிதியிலிருந்தே 6 சதவீதத்தை மாகாணம் வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பட்ஜெட் உரையில் அறிவிக்கிற தொகையும் பள்ளிக்கு உண்மையில் போய்ச் சேருகிற தொகையும் ஒன்றல்ல. அந்த இடைவெளி எந்த ஆசிரியரின் சம்பளச் சீட்டிலும் தெரியாது. தள்ளிப்போடப்பட்ட ஜன்னல் வேலையாக, சனவரியில் மேல்கோட்டோடு பாடம் நடத்தும் வகுப்பறையாகத்தான் தெரியும்.

நுகர்வு வரியை வெறுக்க வேண்டியதில்லை. எண்ணெய் விலைக்கேற்ப ஆடும் வருமானத்தை நம்பிப் பள்ளி நடத்த முடியாது. நிலையான வரி வருமானம் ஆசிரியருக்குத்தான் முதல் நன்மை. 1937இல் அந்த வரி சம்பளமில்லாத ஆசிரியர்களுக்காக வந்தது. அது சரியான முடிவு. கல்விக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கும் பழைய முறைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்ற வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒதுக்கிய பணத்துக்கு ஈடாகப் பொது மானியத்தைக் குறைத்துவிட அரசுக்குத் தடையேதும் இல்லை.

செய்ய வேண்டியவை வேறு. சஸ்காட்செவன், தன் பள்ளிகளின் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் தான் வாங்கும் பி.எஸ்.டி.யை ஒன்டாரியோ செய்வதுபோல் திருப்பித் தர வேண்டும். ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடும் இந்தப் பணத்தால் மாகாணத்துக்கு நிகர லாபம் சிறிது, பள்ளிக்கு நஷ்டம் பெரிது. வகுப்பறைக்கு வாங்கும் பொருள் யார் கையால் வாங்கப்பட்டாலும் ஒரே வரிதான் என்ற விதி எல்லா மாகாணங்களிலும் வர வேண்டும். ஆசிரியரின் அடையாள எண்ணைக் காட்டிக் கடையிலேயே கழித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யலாம்; கடையிலேயே கழிப்பது ஒன்டாரியோவில் அச்சுப் புத்தகத்துக்கு இப்போதே நடப்பதுதான். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் வரியின் வீதமோ பரப்போ மாறினால் ஊதியப் பிரிவை மட்டும் மறுபடி பேசலாம் என்ற ஒரு வாசகத்தை ஆசிரியர் சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே கேட்க வேண்டும். அரசுகள் எளிதில் தராது. 2010லும் 2017லும் அப்படி ஒரு வாசகம் எந்த ஒப்பந்தத்திலாவது இருந்திருந்தால், பட்ஜெட் எழுதியவர்கள் ஆசிரியர்களின் செலவையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருப்பார்கள்.